எந்த வீட்டுப் பேப்பர்

மாதத்துக்கு ஒருமுறை தகரப் பெட்டிகளில் அந்துருண்டை மாற்றுவது மீட்டர்காரரின் மனைவி வேலை. கரைந்து பட்டாணியளவு ஆகிப்போன பழையதைப் பொறுக்கித் தட்டில் போட்டு, புதியதைத் துணியில் முடிந்து மூலைக்கொன்றாக வைப்பாள். அவளுடைய துணிமணி இருக்கும் அலமாரிக்கு அந்த உபசாரம் கிடையாது.

“நான் செத்தா என்னையும் இப்படித்தான் உருண்டை போட்டு மடிச்சு வைப்பாரு. அதுவும் பேப்பர்ல என் பேர் வந்திருந்தாத்தான்” என்பாள், வருகிறவர்களிடம்.

பெட்டிகளில் இருந்தவை ஒரே வருஷத்துச் செய்தித்தாள்கள். சண்டை ஓயுமுன்பே நாடு இரண்டாகப் பிரிந்த வருஷம் அது. அப்போது இந்த ஊர் கொஞ்ச நாள் அந்தப் பக்கத்தின் கையில் இருந்தது. காலையில் இரண்டு பக்கத்துப் பேப்பரும் வரும். எல்லைக் கோடு ஒன்றில் ஆற்றுக்கு அக்கரையில், மற்றதில் இக்கரையில். ஊர் இந்தப் பக்கத்தோடு சேர்ந்ததும், அந்தப் பக்கத்துப் பேப்பர் வாங்கியவர்கள் அவசர அவசரமாக எரித்தார்கள். எரிக்கச் சோம்பல்பட்டவர்கள் அலமாரித் தட்டில் விரித்து மேலே பாத்திரத்தை வைத்துவிட்டார்கள்.

அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். இந்த ஊரில் மீட்டர் சமையலறையில், தொட்டிக்குக் கீழே இருக்கும். குனிந்தால் மீட்டர் முள்ளுக்கு முன்னால் அவர் கண்ணில் படுவது தட்டில் விரித்த காகிதம்தான். விலை பேசமாட்டார். பழையதை உருவிக்கொண்டு, பையிலிருக்கும் அன்றைய பேப்பரை ஓரம் மடித்து விரித்து, பாத்திரங்களை இருந்தபடியே அடுக்கிவிட்டு வருவார். “குழாயில தண்ணி வரலைன்னா காதுல போட்டுக்க மாட்டாரு. தட்டு அழுக்கா இருந்தா மட்டும் உக்காந்து தொடைப்பாரு” என்று தெருவில் கிண்டல்.

வீட்டுக்கு வந்ததும் தாளின் மேல் மூலையில் பென்சிலால் பொடியாக எழுதுவார்: தெரு, கதவு எண், எந்தத் தட்டு. எங்கே கிடந்ததென்று தெரியாத பேப்பர் வெறும் பொட்டலக் காகிதம் என்பது அவர் கட்சி.

எல்லையில் மறுபடி தகராறு தொடங்கிய மழைக்காலத்தில், சலவைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அரசாங்கக் கண்காட்சிக்கு என்றார். ஒவ்வொரு தாளையும் ஓரம் கசங்காமல் எடுத்துப் பார்த்தார். மீட்டர்காரர் அதிலேயே விழுந்துவிட்டார்.

“இந்தப் பென்சில் குறிப்பு ரொம்ப உபயோகம் சார். இவ்வளவு சிரத்தையா யார் வைக்கிறாங்க?”

அந்தப் பக்கத்துப் பேப்பர் கட்டை மட்டும் கேட்டார். நம் பக்கத்துது ஏற்கெனவே நிறைய இருக்கிறதாம். மீட்டர்காரர் தானே நூல் சுற்றிக் கொடுத்தார். நனைந்துவிடக் கூடாதென்று தெருமுனைவரை குடை பிடித்துக்கொண்டு போனார்.

கண்காட்சி நடக்கவில்லை.

அடுத்த முறை மீட்டர் பார்க்கப் போனபோது ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்திருந்தது. குழாயில் கோளாறோ என்று கேட்டார். “ஆள் குறைஞ்சிடுச்சு” என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. “ராத்திரியில வந்து கூட்டிட்டுப் போனாங்க.” அடுத்த தெருவிலும் ஒரு வீட்டில் அப்படியே. அங்கே தொட்டிக்குக் கீழே குனிந்தவர் கண்ணில், தான் விரித்த பேப்பர் பட்டது. உருவிப்போன பழையதன் மூலையில் இந்தக் கதவு எண்ணைத் தானே எழுதிக் கொடுத்தது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் போய் அழிரப்பரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“மிச்சம் இருக்கிறதையாவது அழிச்சுத் தொலைங்க.”

“இதெல்லாம் நம்ம பக்கத்துப் பேப்பர். இதுல என்ன வரப்போகுது?”

“இன்னைக்கு நம்ம பக்கம். நாளைக்கு எது நம்ம பக்கம்னு அந்தச் சலவைச் சட்டை வந்து சொல்லிட்டுப் போவானா?”

அவர் ஒரு தாளை எடுத்து மூலையைத் தேய்த்தார். பழுத்த காகிதம். எழுத்து அப்படியே இருந்தது, மூலை பொடிந்து கையோடு வந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“அண்ணே, ரொட்டிக்கடையில பேசிக்கிறாங்க. எங்க வீட்டுலயும் கீழ்த்தட்டுல இருந்து ஒண்ணு எடுத்தீங்களே, என் மாமனார் விரிச்சது. அது எந்தப் பக்கத்துப் பேப்பர்?”

“உட்காரு, தண்ணி கொண்டாரேன்” என்றாள் மீட்டர்காரர் மனைவி.

“வேண்டாம் அண்ணி. நான் அதைப் படிச்சதுகூட இல்ல. மேல எண்ணெய் டப்பாதான் இருந்துச்சு.” அவள் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பையன் பட்டறையில இருந்து கிளம்பற நேரம். வீட்டுக்கு வரட்டுமா, இல்ல அப்படியே அவன் சித்தப்பா ஊருக்குப் பஸ் ஏறச் சொல்லவா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே.”

அவருக்கு அந்தத் தாள் நன்றாக நினைவிருந்தது. தலைப்பின்மேல் எண்ணெய் வட்டம். மற்றவற்றில் கறை படக் கூடாதென்று சலவைச் சட்டைக்காரரிடம் கொடுத்த கட்டுக்கு மேலாக அதைத்தான் வைத்து நூல் சுற்றியிருந்தார். சொல்லிவிட வாயெடுத்தார். சொன்னால் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

“சொல்லுங்களேன்” என்றாள் மனைவி, தாழ்ந்த குரலில்.

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா அவரையும் பார்த்தாள், திறந்து கிடந்த பெட்டியையும் பார்த்தாள். கழுத்து நாடாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே இறங்கிப் பட்டறைப் பக்கம் நடந்தாள்.