படகில் இடமில்லாத சுறா

இன்று கல்முனை பஸ்ஸில் ஹனீபா காக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்பதுகளில் நான் கடலுக்குப் போன படகு அவருடையது.

அப்போது சுறாவின் செட்டைக்குத்தான், அதன் துடுப்புக்குத்தான், விலை. ஒருநாள் செட்டைகளை மட்டும் அறுத்துவிட்டு, சுறாவை உயிரோடு கடலில் தள்ளச் சொன்னார்.

"முதல்ல அடிச்சிச் சாகவச்சிட்டு அறுப்பம் காக்கா. இறைச்சியக் கருவாடு போடலாம்," என்றேன்.

"படகில இடமில்லடா."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அதன்பிறகு யாரும் என்னைப் படகில் சேர்க்கவில்லை. சின்னத் தோணியில் தூண்டிலோடு தனியாகப் போகத் தொடங்கினேன்.

"இன்னும் தனியத்தான் போறியா?" என்று இன்று கேட்டார்.

"ஓம் காக்கா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் தேங்காய்ப்பூ போட்டு வறுத்த சுறா வறை ஒரு சட்டி இருக்கிறது. ஒருவனுக்கு அது அதிகம். யாராவது சாப்பிட வாறீங்களா?