சனிக்கிழமைக் குடும்பம்

செஞ்சியில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கீரைக்காரிக்கும் பஸ் கண்டக்டருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் நான் கஞ்சன் பொண்டாட்டி. அறுபதுகளின் நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம், சனிக்கிழமைதோறும் அந்த ஊர் நாடகக் கொட்டகையில் ஒரு கஞ்சனுக்கு மனைவியாக நடித்தேன். மற்ற ஆறு நாளும் நான் என்ன செய்தேன் என்று ஊருக்குக் கவலை இல்லை. எனக்கும் பெரிதாக இல்லை.

எங்கள் கம்பெனி புராண நாடகம் போடத்தான் அங்கே வந்தது. திருவண்ணாமலை ரோட்டோரம், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீற்றுக் கொட்டகை போட்டோம். வந்த மாசமே அடைமழை பிடித்துக்கொண்டது. தேவலோகம் ஒழுகியது. தேவேந்திரன் தலைக்கு மேலே ஒருவன் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் எவனுக்குப் பக்தி வரும்? கூட்டம் கரைந்துபோனது. அப்போதுதான் வாத்தியார் சனிக்கிழமை மாலைக்கென்று ஒரு சிரிப்பு நாடகம் எழுதினார். வாத்தியார் என்றால் கம்பெனி முதலாளி, நாடகம் எழுதுகிறவர், எங்களை ஆட்டிவைக்கிறவர், மூன்றும் ஒரே ஆள்தான். ஒரே வீடு, ஒரே குடும்பம், வாராவாரம் ஒரு புதுச் சண்டை. போன வாரம் நின்ற இடத்திலிருந்து இந்த வாரம் தொடங்கும். கொஞ்ச நாளில் கொட்டகை கொள்ளவில்லை. அமாவாசை சனிக்கிழமையில் வந்தால், மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு எங்கள் சண்டையைப் பார்த்தவர்கள் உண்டு.

கஞ்சனாக நடித்தவருக்கு வசனம் நெட்டுரு நிற்காது. அதனால் மேடையில் இருந்த மர அலமாரிக் கதவின் உட்புறத்தில் அந்த வாரத்து வசனத்தை ஒட்டி வைப்பார்கள். மறந்துபோனால் போய்த் திறப்பார், எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்ப்பார், கதவைச் சாத்திவிட்டு வந்து பேசுவார். கஞ்சன் அல்லவா, சொத்து பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறான் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பினாலே சிரிப்பு. கடைத்தெருவில் பையன்கள் அவரைப் பார்த்ததும் இல்லாத கதவைத் திறந்து மூடிக் காட்டுவார்கள். அது தன் கற்பனை என்று வாத்தியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமனார் பாத்திரத்துக்கு ஆள் இல்லை. அதனால் அவர் எப்போதும் பக்கத்து அறையில் படுத்திருப்பார். ஆர்மோனியக்காரர் தட்டிக்கு அந்தப்பக்கம் இருமுவார். அந்த இருமலை வைத்தே கோபம், சம்மதம், பசி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் மனிதர். தளவானூரிலிருந்து ஒருவர் ஆடாதோடை இலை பறித்துக்கொண்டு வந்து, பெரியவருக்குக் கஷாயம் வைத்துக் கொடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். ஆர்மோனியக்காரர் நிஜமாகவே வைத்துக் குடித்தார்.

மாமியார்தான் நாடகத்தின் உயிர். அந்த மாமியார் என் கணவர். வேஷத்தில் இல்லை, தாலி கட்டிய நிஜக் கணவர். சின்ன வயசிலிருந்து ஸ்திரீ பார்ட் போட்டுப் பழகியவர். வயசான பிறகு கிழவி வேஷம்தான் மிஞ்சியது. எவ்வளவு சிரைத்தாலும் மோவாய் பச்சை தட்டியிருக்கும். அதை மறைக்க முந்தானையை வாயில் கடித்துக்கொண்டே பேசுவார். வாய்க்குள் எதையோ முணுமுணுக்கிற பொல்லாத கிழவி என்று அதற்கும் பெயர் வந்துவிட்டது. வீட்டில் வாயே திறக்காதவர். சனிக்கிழமை மாலையில் மட்டும் என்னைப் பார்த்து ஒரு வாரத்துப் பேச்சையும் பேசித் தீர்ப்பார். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பு போய்விடும் என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் கடைத்தெருவில் பத்தடி தள்ளித்தான் நடப்போம்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எனக்கு வயிற்றில் தங்கியது அங்கேதான். வயிறு தெரிய ஆரம்பித்ததும், வாத்தியார் வேறு பெண்ணைப் பார்ப்பார் என்று பயந்தேன். அவர் பேனாவை எடுத்தார். அடுத்த சனிக்கிழமை கஞ்சன் பெண்டாட்டியும் மசக்கையில் வாந்தி எடுத்தாள். கஞ்சன் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தான். கொட்டகை அதிர்ந்தது. அதற்குப் பிறகு எனக்கு என்ன வந்ததோ அதெல்லாம் நாடகத்தில் வந்தது. கால் வீங்கியபோது நிற்க முடியாமல் மேடையில் இருந்த மர உரல்மேல் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் திட்டத் தொடங்கினால் உரல்மேல் போய் உட்கார்ந்துகொள்வது அன்றிலிருந்து கஞ்சன் பெண்டாட்டியின் சுபாவம் ஆகிவிட்டது. புள்ளத்தாச்சி உரல் மேலே உட்காரக் கூடாது என்று முன் பெஞ்சிலிருந்து பெண்கள் அதட்டுவார்கள். மறுநாள் சந்தையில் என்னைப் பார்த்தாலும் அதையே சொல்வார்கள். நெல்லிக்காயும் மாங்காயும் மடியில் கட்டி அனுப்புவார்கள்.

ஏழாம் மாசம் பிறந்ததும் அந்தப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் அரிசி மண்டி நயினார் வீட்டு மருமகள். சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் கைக்குழந்தையோடு வந்து பெஞ்சில் இடம் பிடிப்பாள். அவள் வாத்தியாரிடம் வந்து, இந்தப் பொண்ணுக்கு அம்மா வீடு எங்கே இருக்கிறதோ தெரியவில்லை, அந்தக் கிழவியும் ஒன்றும் செய்யப்போவதில்லை, வளைகாப்பை நாங்களே மேடையில் செய்கிறோம் என்றாள். நாடகத்துக்கா நிஜத்துக்கா என்று அவளும் சொல்லவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை. வளையல்காரருக்குச் சொல்லியாயிற்று. வருகிற சனிக்கிழமை என்று தட்டி எழுதிக் கட்டினார்கள்.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு வலி வந்துவிட்டது. கணவர் பழைய படுதாவை மாற்றிவரத் திண்டிவனம் போயிருந்தார். தொண்டூரிலிருந்து வந்திருந்த மருத்துவச்சி அந்தத் தெருவிலேயே இருந்தது என் அதிர்ஷ்டம் என்றார்கள். குழந்தை அழவில்லை. ஒரு பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவச்சி ஏரிக்கரைப் பக்கம் போனாள். கணவர் படுதாவைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மண்ணும் மூடியாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். படுதாவை மூலையில் சாய்த்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். இருட்டும்வரை அங்கேயே இருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் என்றும் அதைச் சொல்ல முடியாது. கால் மரத்துப்போனால் தரையை மிதிப்பது தெரியாதே, அந்த மரப்பு உடம்பு முழுக்க ஏறியிருந்தது. கஞ்சி கொடுத்தார்கள், குடித்தேன். படு என்றார்கள், படுத்தேன். உரல்மேல் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது, அதுவும் யாருக்கோ நடந்த மாதிரிதான் இருந்தது.

வியாழக்கிழமை வாத்தியார் வந்தார். உட்காரவில்லை. வெளியே தெரிந்தால் இந்தக் கொட்டகைக்கு அபசகுனம் என்று பேர் வந்துவிடும், எந்தப் பெண்ணும் மறுபடி கால் வைக்க மாட்டாள், கம்பெனி கஞ்சி குடிப்பதே இந்த ஒரு நாடகத்தால் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. செருப்புக்காலோடு மேடை ஏறியவனைப் பிரம்பால் அடிக்கிற மனிதர், என் தீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. வயிற்றுக்குத் துணி சுற்றிக்கொள், இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் என்றார். அப்புறம் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அப்புறம் புள்ள பொறந்துடும். நம்மகிட்டதான் பொம்மை இருக்குதே" என்றார்.

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாட்டேன் என்று அவர் சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வாத்தியார் மனைவி வந்து ஒரு பழைய வேட்டியை உருட்டி என் வயிற்றில் வைத்துக் கட்டினாள். மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இருந்தது. பால் வற்றுவதற்காக மருத்துவச்சி சொன்னபடி ரவிக்கைக்குள் மல்லிகைப் பூவை நெருக்கமாக வைத்துத் துணியால் இறுக்கியிருந்தேன். பிள்ளை தங்காதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். வாத்தியார் மனைவி என் தலையிலும் பூ வைத்துவிட்டாள். கஞ்சன் வேஷக்காரர் பாவம், என்ன சொல்வது என்று தெரியாமல் வாசனை நன்றாக இருக்கிறது என்றார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

படுதா தூக்கியபோது பெண்கள் ஏற்கெனவே மேடை ஓரம் நின்றிருந்தார்கள். தட்டில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல், தூக்குகளில் புளிச்சோறு, தயிர்சோறு, எலுமிச்சைச் சோறு. கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாடகத்துக்கு யாரும் அப்படி வரமாட்டார்கள். என்னைப் பலகையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள். மாமியார் முதல் வளையலைப் போடவேண்டும், போடுகிற சாக்கில் என் கையைப் பிடித்துத் திருக வேண்டும், நான் கத்த வேண்டும். எழுதியிருந்தது அதுதான். அவர் என் கையைப் பிடித்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்னைத் தொட்டது அப்போதுதான். திருகவில்லை. நானும் கத்தவில்லை. கஞ்சன் நிலைமையைச் சமாளிக்க ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். தட்டிக்குப் பின்னால் மாமனார் இருமினார். ஜனங்கள் சிரித்தார்கள்.

வேலை தெரிந்த உடம்பு, அது பாட்டுக்கு நடித்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் தலை குனிந்தது, வயிற்றுத் துணியின்மேல் கை வைத்துக்கொண்டது. ஒவ்வொருத்தியும் வந்து வளையல் போட்டு, நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று கன்னத்தைத் தொட்டு வாழ்த்தினாள். நான் அதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நயினார் வீட்டு மருமகள் வந்தாள். கர்ப்பிணி மடியில் திடமான குழந்தையை வைப்பது நல்லது என்று, தன் குழந்தையை என் மடியில் உட்காரவைத்தாள். ஆறேழு மாசம் இருக்கும். அது நாடகத்தில் எழுதாதது. குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது, மூக்கை நெஞ்சில் தேய்த்தது, ரவிக்கையைப் பிடித்து இழுத்தது. கட்டு நெகிழ்ந்து, வாடிப் பழுப்பேறிய மல்லிகை கொஞ்சம் என் மடியில் உதிர்ந்தது. ரவிக்கை நனைந்துவிட்டது. நனைவது எனக்குத் தெரிந்தது. நாலு நாளாக எனக்கு எதுவும் தெரிந்ததில்லை.

அவள் பூவைப் பார்த்தாள். பிள்ளை பெற்றவள், அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் எதிரே மண்டியிட்டு, முந்தானையை விரித்து எங்கள் இரண்டு பேரையும் மறைத்தாள்.

"எப்பம்மா?" என்றாள்.

"செவ்வாக்கெழம."

"குடு, குடிக்கட்டும். கட்டிக்கினா உசுரு போயிடும்" என்றாள். கொஞ்சம் கழித்து, இன்னும் மெதுவாகக் கேட்டாள். "இன்னா கொழந்த?"

அன்றுவரை அதை யாரும் என்னைக் கேட்கவில்லை. வாத்தியார் கேட்கவில்லை, கஞ்சி கொடுத்தவர்கள் கேட்கவில்லை. வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றவரும் கேட்கவில்லை.

"பொண்ணு" என்றேன்.

தட்டு அவர் கையிலிருந்து நழுவி விழவில்லை. அதெல்லாம் கதையில்தான் நடக்கும். குனிந்து மெதுவாகக் கீழே வைத்தார். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். தலையிலிருந்த நரைத்த கொண்டையை இரண்டு கையாலும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கிராப்புத் தலையும் புடவையுமாக மாமியாரைப் பார்த்ததும் கொட்டகை முழுக்க எழுந்து நின்று சிரித்தது. அவ்வளவு பெரிய சிரிப்பு எங்களுக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளேயிருந்து வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கை நீட்டி, குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் வலித்தது. நெஞ்சு, வயிறு, இடுப்பு என்று பெற்ற வலி முழுவதும் திரும்ப வந்தது. வாய்விட்டு அழுதேன். மேடையில் அழுகிற மாதிரி இல்லை, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதேன். அந்தக் கம்பெனியில் படுதாவை இறக்க வாத்தியார் ஒருவர்தான் உத்தரவு கொடுக்கலாம். சிரிப்பு ஓயும்வரை நான் காத்திருக்கவில்லை. கயிற்றுக்காரனைப் பார்த்து, இறக்கு என்று நானே கை காட்டினேன்.