மாதிரி வீட்டில் நெத்திலி பொரித்த ஜெயமேரி

1993இல் தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையை ஒட்டி ஒரு புதிய தாமான் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஜெயமேரிக்குக் கழுவும் வேலை. கட்டி முடித்த வீடுகளைச் சாவி கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்து தர வேண்டும். தரையில் தெறித்த சாயத்தைப் பிளேடால் சுரண்டுவார்; மொசேக் கல்லின் மேல் படிந்த சிமெண்டுக் கறையை அமிலம் கலந்த நீரால் தேய்த்து எடுப்பார். நாற்பத்தொரு வயதில் அவருடைய விரல் ரேகைகள் பாதி அழிந்திருந்தன. அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது கட்டைவிரலுக்கு மூன்று முறை மை தடவ வேண்டியிருந்தது.

பிறந்தது சிம்பாங் அம்பாட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். கல்யாணமாகிச் செங் என்ற ஊருக்கு வந்தார். கணவர் பிரான்க்ளின் அங்கே ஒரு தொழிற்சாலையில் காவலர். ஒரே மகன் ஜொகூரில் வேலை பார்த்தான்.

தாமானின் முகப்பில் இருந்த மாதிரி வீட்டையும் ஜெயமேரிதான் துடைத்தார். முகம் தெரிகிற வெள்ளைத் தரை, ஓரங்களில் பூக்கொடி வார்த்த பிளாஸ்டர் கூரை, கூடத்துக்கு ஒரு வளைவு வாசல். இவற்றையெல்லாம் விடப் புதுமை, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே இல்லாததுதான். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை மட்டும் இருந்தது. அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவள் ஆஸ்திரேலியாவில் படித்துத் திரும்பிய ஒரு சீனப் பெண். எல்லாரும் அவளை மிஸ் லிம் என்று அழைத்தார்கள்.

பார்க்க வந்த ஆண்கள் கூரையை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். பெண்கள் நேராகச் சமையலறைக்குள் போய் நின்றார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரே கேள்விதான்: இங்கே சுவர் வைத்துத் தர முடியுமா? முடியாது என்றதும் பலர் பெயர் பதியாமலே போனார்கள்.

மிஸ் லிம்முக்கு இது புரியவில்லை. புகையை இழுக்கத்தான் அடுப்புக்கு மேல் விசிறி இருக்கிறதே என்றாள். ஒருநாள் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயமேரியிடம் மலாயில் காரணம் கேட்டாள். வாயால் சொன்னால் விளங்காது, நாளைக் காலையில் சமைத்தே காட்டுகிறேன் என்றார் ஜெயமேரி. அவள் சரி என்றாள்.

மறுநாள் ஜெயமேரி வீட்டிலிருந்து குவாலிச் சட்டியும் சாமான்களும் கொண்டு வந்தார். வேலை மேற்பார்வையாளர் அந்தோணிராஜ், அதுவரை காட்சிக்கு மட்டும் நின்ற அடுப்புக்குக் கேஸ் இணைத்துக் கொடுத்தார். மிஸ் லிம் விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுக் கூடத்து சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் காய்ந்த மிளகாய் வறுபட்டது. அடுத்து பெலாச்சான் என்ற இறால் விழுது. நெத்திலி எண்ணெயில் விழுந்தபோது மிஸ் லிம்முக்கு இருமல் வந்தது. விசிறி இழுத்தது போக மீதிப் புகை வளைவு வாசலைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போனது.

"அக்கா, போதும்லா. ஆபிஸ்லருந்து ஆளு வந்துருவாங்க," என்றார் அந்தோணிராஜ்.

"இன்னும் பெரிய மீனு பொரிக்கல தம்பி. வீட்டுல பாதியிலயா நிப்பாட்டுவாங்க?"

கானாங்கெளுத்தி பொரிந்துகொண்டிருந்தபோது மிஸ் லிம் கண்ணைத் துடைத்தபடி கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டாள். பிறகு உள்ளே வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

திரைச்சீலைகளில் அந்த வாடை ஒரு வாரம் இருந்தது. சோபாவைத் தூக்கி வெயிலில் போட்டார்கள். மேலாளர் சத்தம் போட்டார். மாதிரி வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று ஜெயமேரியைப் பின்வரிசை வீடுகளில் சாயம் சுரண்ட அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து மிஸ் லிம் அங்கே தேடி வந்தாள். வெறுந்தரையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தாள். பின்னால் இன்னொரு சமையலறை சேர்க்கப் போகிறாளாம்; தொட்டி எங்கே, அடுப்பு எங்கே வர வேண்டும் என்று கேட்டாள். ஜெயமேரி சுவரோரமாகச் சாண் போட்டு அளந்து காட்டினார். பளபளக்கும் கல் வேண்டாம், எண்ணெய் பட்டால் வழுக்கும். சொரசொரப்பான கல் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஓடிப் போகிற மாதிரி தரை சரிவாக இருக்கட்டும். காற்றுப் போகத் துளைக்கல் சுவர் வையுங்கள் என்றார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வரிசை வீடுகள் அப்படித்தான் கட்டப்பட்டன. விளம்பரத் தாளில் பின்னால் இருப்பதை ‘ஈரச் சமையலறை’, முன்னால் திறந்திருப்பதை ‘உலர் சமையலறை’ என்று பெரிதாகப் போட்டார்கள். வீடுகள் சீக்கிரமே பதிவாயின. ஜெயமேரி வழக்கம்போல அவற்றையும் கழுவிக் கொடுத்தார்.

1996இல் அவருக்கும் பிரான்க்ளினுக்கும் செங்கில் மலிவுவிலை வீடு ஒன்று கிடைத்தது. இரண்டு அறை, சின்னக் கூடம், அதை அடுத்துச் சுவர் வைத்த சமையலறை. குடிபோகும் முன் அந்தச் சுவரை இடித்துத் தர முடியுமா என்று ஜெயமேரி அந்தோணிராஜிடம் கேட்டார். அவர் வந்து தட்டிப் பார்த்தார். பாரம் தாங்குகிற சுவர் இல்லை, இடிக்கலாம் என்றார். ஆனால் சம்மட்டியைக் கையில் எடுக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கி சுவரு வேணும்னு அவ்ளோ பொக பொகச்சீங்க. இப்ப என்ன?"

"அத வாங்குனவங்க வீட்டுல ஆளுங்க நெறைய, அடுப்பு அணையாது. எங்க வீட்டுல நாங்க ரெண்டே பேரு," என்றார் ஜெயமேரி. "அவரு கூடத்துல உக்காந்து பேசுவாரு. சுவத்தப் பாத்துக்கிட்டா நான் பதில் சொல்றது?"

பிரான்க்ளின் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் சுவர் இறங்கிவிட்டது.

புகை வந்தது உண்மைதான். ஆறே மாதத்தில் கூடத்துக் கூரை மஞ்சளாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பிரான்க்ளின் ஏணி போட்டு வெள்ளையடித்தார். அவர் விட்டுவிட்ட இடங்களை ஜெயமேரி அடுப்படியில் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.