காவல் சட்டி

முதியோர் இல்லத்து ஐயாமாருக்குக் காலைத் தேத்தண்ணி கொடுத்து முடித்து, அலுவலக அறைக் கதிரையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். தொலைபேசியில் ரிஸ்னா மிஸ்ஸின் பெயர் விழுந்தது. “என்ன மிஸ், இன்னைக்கு வெள்ளனவே?” என்று சிரித்தபடி எடுத்தேன். பேசியது அவர்களுடைய தங்கை.

“மேரி அக்காவா? ராத்தா மௌத்தாப் போயிட்டாங்க அக்கா. சுபஹு தொழ எழும்பினாங்க, நெஞ்சடைக்குதுண்டு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். முகம் பாக்கிறதுண்டா அதுக்கு முந்தி வாங்க.”

முந்தி வாங்க! மிஸ்ஸின் ஊரான திகன என்ன கண்காணாத தேசமா? அம்பிட்டிய மேட்டிலிருந்து இறங்கி, கண்டியில் பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் அன்று இல்லத்தில் பொறுப்புக்கு நான் ஒருத்திதான். தாதிப் பிள்ளை விடுமுறையில் போயிருந்தாள். சமையலுக்கு ராணி மட்டும். போதாததற்கு, எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் தம் தாயாரின் நினைவாக மதியச் சாப்பாடு கொடுக்கிற நாளும் அதுவே. வாயிற்கதவின் சாவி என் கையில்தான் இருந்தது, ஆனாலும் எனக்கு வெளியே போக வழியில்லை. தலைவருக்குப் போன் போட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் என் வாய் நிற்காது.

ரிஸ்னா மிஸ்ஸைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பொறுப்பாளராக இருக்கும் இந்த ஆண் முதியோர் இல்லத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்துபோன போசணை நிபுணர் அவர்கள். பல்கலைக்கழகத்தில் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, முறையாகப் பதிவு பெற்றவர்கள். நோயாளிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்போது என்று சொல்வது அவர்கள் தொழில். “சாப்பாடு சொல்லித்தர ஒருத்தியா? நாமெல்லாம் இவ்வளவு காலம் மண்ணையா தின்னோம்?” என்று குழுவில் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், அவர்கள் வருவதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் இல்லம் தானத்தில் ஓடுகிற இல்லம். கண்டியில் யாருக்காவது பிறந்தநாள் என்றாலும், இறந்தவர் நினைவு என்றாலும், ஒரு வேளைச் சாப்பாடு எங்களுக்கு வரும். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சனங்களின் கையால்தான் இந்த அடுப்பு அணையாமல் இருக்கிறது. ஆனால் ஒரு வழக்கமும் கூடவே வரும். கொடுக்கிறவர்கள் வந்து, தங்கள் கையால் பரிமாறி, படம் எடுத்த பிறகுதான் ஐயாமார் சோற்றில் கை வைக்கலாம். வேன் வழியில் சிக்கினால், ஐயாமார் காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு ‘நியூட்ரிஷன் கோச்’ இருந்தார். தலைவரின் மருமகன், உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். இணையத்தில் ஏதோ ஒரு வகுப்பை முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பதிவு கிடையாது. சம்பளம் இல்லாமல் வருகிறார் என்று குழுவுக்கு ஒரே குஷி. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது போலத்தான். எல்லா ஐயாமாருக்கும் ஒரே அட்டவணை, ஒரே புரத மாப்பொடி, அதுவும் அவர் கூடத்திலேயே விற்கிற பொடி!

ஒரு நாள் தான வேன் வரப் பிந்தியது. கலஹா தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்ந்த சவரிமுத்து ஐயாவுக்கு வெகுகாலமாகச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போடுவோம். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. “ரோதை நின்னுபோச்சு, பெல்ட்டப் பாரு” என்று பழைய தொழிற்சாலையில் நிற்பதுபோலப் பிதற்றினார். சீனித் தண்ணீர் கலக்க நான் எழும்பினேன். கோச் என் கையைப் பிடித்துத் தடுத்தார். “சீனி வருத்தக்காரருக்குச் சீனியா? கொன்னுடாதீங்க மேடம்! மூஞ்சில தண்ணி தெளிங்க.” நான் அவர் கையைத் தட்டிவிடுவதற்குள் ஐயா கதிரையிலிருந்து சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். “சீனி கூடல்ல, இறங்கியிருக்கு” என்று டொக்டர் ஏசினார். “ஊசி போட்டுட்டுச் சாப்பாடு பிந்தினா வேறென்ன நடக்கும்? பதிவுள்ள ஒருத்தர வையுங்க அம்மா. இது விளையாட்டில்ல.”

அப்படித்தான் ரிஸ்னா மிஸ் எங்கள் படியேறினார்கள். மெலிந்த உடம்பு, பெரிய குடை, செங்குத்தான படியில் மூச்சு வாங்கியது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“மொதல்ல எண்ட பதிவு சரியாண்டு விசாரிங்க அக்கா. அதுக்குப் பொறகு தேத்தண்ணி குடிக்கலாம்.”

“ஒங்கள நம்பாமலா மிஸ்?”

“என்னய நம்ப வேணாம். நாளைக்கு நான் பிழையாச் சொன்னா, என்னயக் கூப்பிட்டுக் கேக்க ஓரிடம் ஈக்கோணும். அதுக்குத்தான் பதிவு. பொடி விக்கிறவர ஆரு கேக்கிற?”

அடேயப்பா என்று இருந்தது எனக்கு. வந்தவுடன் எதையும் மாற்றவில்லை அவர்கள். ஐயாமாரோடு பந்தியில் உட்கார்ந்து, யார் எதை மெல்கிறார், யார் எதை ஒளித்து வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். ஒவ்வொருவருடைய இரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்கினார்கள். பிறகு மாப்பொடி டின்னைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

“இது கெட்ட சாமானில்ல அக்கா. மெலிஞ்சு போன அந்த மூலைக் கட்டில் ஐயாவுக்கு நல்லது. பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குக் கிட்னி பழுது, அவருக்கு இது கூடாது. ஆருக்கு எதுண்டு பிரிச்சுச் சொல்லத்தானே நாங்க படிச்சீக்கிற.”

தானச் சாப்பாட்டில்தான் பெரிய சண்டை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் பன்னிரண்டு மணிக்குப் பந்தி என்றார்கள் மிஸ். காலையில் போட்ட ஊசி மதியத்தில் வேலை செய்யும், அது யாருடைய வேனுக்காகவும் காத்து நிற்காது என்று குழுக் கூட்டத்தில் பொறுமையாக விளக்கினார்கள். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தானம் குடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா மிஸ்?”

“மாட்டுட பல்ல நான் பாக்கல்ல ஐயா. நம்மட ஐயாமாருக்குப் பல்லில்ல, அதத்தான் பாக்கிறேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் வென்றார்கள் என்று நினைக்க வேண்டாம். தானம் நின்றால் இல்லம் நின்றுவிடும், அதனால் யாரும் கொடையாளிகளைப் பகைக்க முடியாது. மிஸ்ஸாலும் முடியவில்லை. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். தான நாளிலும் எங்கள் அடுப்பில் ஒரு சின்னச் சட்டி சோறும் பருப்பும் ஒரு கீரையும் ஏறும். ஊசி போடுகிற ஐயாமார் பன்னிரண்டுக்கே அதில் சாப்பிட்டுவிடுவார்கள். வேன் வந்ததும் தானத்திலிருந்து அவரவருக்கு ஏற்ற அளவு ஒரு கை. “காவல் சட்டி” என்று அதற்குப் பெயர் வைத்ததும் மிஸ்தான். அந்தப் பந்தி படத்தில் அழகாக விழவில்லை என்று முறைப்பாடு மட்டும் ஓயவேயில்லை. ஒவ்வொரு வருடமும் அவர்களுடைய வேலை ஒரு நூலில் தொங்கியது.

“வேற நல்ல இடம் கெடைக்குமே மிஸ், ஏன் இந்தத் தலையிடி?” என்று ஒருமுறை கேட்டேன்.

சன்னலுக்கு வெளியே காட்டினார்கள். கம்பி வாயில், அதற்கப்பால் இறக்கம். “இந்த ஐயாமாருக்கு அந்தக் கேட்டத் தாண்டிப் போய் ஒரு பிளேன்டி குடிக்கேலா அக்கா. பசிச்சாலும் இங்கதான், கசந்தாலும் இங்கதான். நாங்க வைக்கிறதத்தான் தின்னோணும். அப்ப வைக்கிறவங்க தெரிஞ்சு வைக்க வேணாமா?” இந்தக் கேட்டுக்குள் இவ்வளவு காலம் இருந்த எனக்கு அதைச் சொல்ல வரவில்லையே!

கண்டிப்பானவர்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். சவரிமுத்து ஐயாவுக்குக் கருப்பட்டி இனிப்பு வழியும் வட்டிலப்பம் என்றால் பைத்தியம். “மிஸ், ஒரு துண்டு குடுங்க. மோட்சத்துல கேட்டா ஒங்க பேரச் சொல்றேன்” என்பார். “மோட்சத்துக்குப் போற அவசரமுண்டா முழுச் சட்டியையும் தாரேன்” என்பார்கள் மிஸ். ஆனால் பெருநாளைக்கு மறுநாள் தங்கள் வீட்டு வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து, அன்றைய சோற்றில் கொஞ்சம் குறைத்து, அவருக்கு அளவாக ஒரு கரண்டி வைப்பார்கள். கோச் காலத்தில் அவருக்கு எல்லா இனிப்புக்கும் தடை இருந்தது. தெரியாதவனுக்குத் தடுக்க மட்டும்தான் தெரியும் போலும்.

இனி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

தலைவர் போனில் சொன்னது இதுதான். “அடப் பாவமே! நல்ல பொம்பளை. ஆனா இன்னைக்கு நீங்க போயிட்டா யாரு பாக்குறது? எங்க வீட்டு ஆளுக எல்லாம் வர்றாங்க. அப்புறம் மேரி, அந்தச் சட்டி கிட்டி இன்னைக்கு ஏத்த வேணாம். எல்லாரும் ஒன்னா ஒக்காந்து சாப்புடுறத வீடியோ எடுக்கணும். இனிமே சம்பளத்துக்கு ஆளும் தேவையில்ல. மருமகன் சும்மாவே வந்து பாத்துக்குவான்.”

மிஸ்ஸின் மையித்தை இன்னும் வீட்டைவிட்டு எடுக்கவில்லை. அதற்குள் அவர்கள் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று! ஒரு முகத்தைப் பார்க்கப் போக முடியாமல் என்னைக் கட்டிப் போட்டதும் அதே சாப்பாடு, அவர்கள் இத்தனை காலம் போராடியதும் அதே சாப்பாட்டோடு. சமையலறைக்குப் போய், “ராணி, சட்டிய ஏத்து” என்றேன். ராணி என் முகத்தைப் பார்த்துவிட்டு அரிசியைக் களைந்தாள்.

ஐயாமாரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். சவரிமுத்து ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பன்னிரண்டு மணி அடித்தும் எழும்பவில்லை.

“எனக்குச் சோறு வேணாம்மா.”

“காலையில ஊசி போட்டாச்சு ஐயா.”

“மோட்சத்துல நான்தான் மொதல்ல போயி அவுங்க பேரச் சொல்றதா இருந்தேன். முந்திக்கிட்டாங்களே, பாவி மக!” என்று வாய்விட்டு அழுதார். எனக்கும் பொங்கியது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அவர் நெற்றியில் வேர்வை அரும்புகிறதா என்று என் கண் தேடிக்கொண்டேயிருந்தது.

“நீங்க சாப்புடாம விழுந்தா, மிஸ் ஒங்கள இல்ல, என்னயத்தான் ஏசுவாங்க. எழும்புங்க.”

எழும்பினார். கண்ணீர் தட்டில் சொட்டச் சொட்டப் பருப்பும் சோறும் பிசைந்து சாப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்று, கடைசி உருண்டை வரை பார்த்தேன்.

ஒரு மணியும் தாண்டிய பிறகு வேன் வந்தது. தலைவர், அவர் மனைவி, பிள்ளைகள், புரியாணிச் சட்டிகள். ஐயாமார் பலர் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் தலைவரின் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

“நாங்க வர்றதுக்குள்ள யாரு இவுங்களுக்குச் சாப்பாடு குடுக்கச் சொன்னது?”

“எங்க மிஸ்ஸு” என்றார் சவரிமுத்து ஐயா.

“எந்த மிஸ்? எங்க அவங்க? கூப்புடுங்க இங்க!”

தலைவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். சவரிமுத்து ஐயா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“கூப்புட்டா வரமாட்டாங்கம்மா. இந்நேரம் மண்ணு போட்டிருப்பாங்க.”

அதன் பிறகு யாரும் வீடியோ எடுக்கவில்லை. தலைவர் தம் கையால் எல்லோருக்கும் ஒரு கரண்டி புரியாணி வைத்தார். சவரிமுத்து ஐயாவின் தட்டுக்கு வந்ததும் நின்று, “எவ்வளவு வைக்கலாம்?” என்று என்னைக் கேட்டார். “எனக்குத் தெரியாது ஐயா. தெரிஞ்சவங்க இன்னைக்கு இல்ல” என்றேன். வைக்காமலே கரண்டியைச் சட்டியில் போட்டார்.

மறுநாள் தாதிப் பிள்ளை வந்ததும் திகனவுக்குப் போனேன். முகம் இல்லை, அவர்களுடைய பெரிய குடை மட்டும் கதவு மூலையில் சாய்ந்திருந்தது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். திரும்பி வந்து, தகுதியும் பதிவும் உள்ள ஒருவர் வராமல் கோச் இந்தக் கேட்டுக்குள் கால் வைத்தால் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்று குழுவுக்குச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, ஐயாமாரை விட்டு எங்கே போவேன்? குழுவிடமிருந்து இதுவரை பதில் இல்லை. சட்டியை நான் ஏற்றுவேன். ஆனால் அடுத்த இரத்தப் பரிசோதனை வரும்போது யாருக்கு எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மிஸ், உங்கள் முகம் பார்க்க வர முடியவில்லை. ஏன் என்று உங்களுக்குத்தான் யாரையும் விட நன்றாகத் தெரியும். உங்கள் இறைவன் உங்களுக்கு நல்ல இடம் தரட்டும். சவரிமுத்து ஐயா அன்று பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டார், மிஸ். முழுவதும் சாப்பிட்டார்.