அழகி விரல் நீட்டாத இடங்கள்

எங்கள் ஊருணிக்குக் காவல் அழகி. நாச்சியாபுரத்தில் பிறந்து 1989-இல் இங்கே வாக்கப்பட்டவர். குடிக்கிற தண்ணீரில் யாரும் கால் நனைக்காமல் பார்ப்பது அவர் வேலை. அதில் கிடந்த பாலாமைகளையும் அவரே பார்த்துக்கொண்டார். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

பாலாமையின் கழுத்து நீளம். ஒரு சாண் ஓட்டுக்குள்ளிருந்து கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு வெளியே வரும். உடம்பைச் சேற்றில் விட்டுவிட்டு மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டி மூச்சு வாங்கும். செத்த மீனைத் தின்றுவிடும். ஊருணி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைவரை அசையாது.

2019 சித்திரையில் ஊருணி வற்றியது. வண்டல் அள்ள ஜேசிபி வரவிருந்தது. ஆமைகள் கிடக்கும் இடங்களை ஒதுக்கச் சொல்லலாம் என்று, அவை எங்கே என அழகியிடம் கேட்டேன்.

அவர் மோவாயை மட்டும் அசைத்தார். "அந்தா, அங்குட்டு. வெரலை நீட்டாதீக சார். பூசணிப் பிஞ்சைச் சுட்டுனா அழுகிப்போகும்ல?"

"ஆமை அழுகுமா?"

"சிரிக்காதீக. வேற யாருக்கும் காட்ட மாட்டீகள்ல?"

"மாட்டேன்."

பதினொரு இடம். படித்துறையின் கடைசிக் கல்லிலிருந்து அடிக்கணக்கில் அளந்து, நீர்மட்டம் குறிக்கும் என் நோட்டில் எழுதினேன்.

வைகாசி ஆறாம் தேதி, ஜேசிபி வருமுன்னே, ஆமைக் கணக்கெடுப்பு என்று ஒருவர் வந்தார். நோட்டைப் புரட்டி, "இவ்வளவு துல்லியமா யாரும் வச்சிருக்க மாட்டாங்க" என்றார். அந்த நோட்டை அதற்குமுன் எவரும் கேட்டதில்லை. பக்கத்தைப் போட்டோ எடுக்க விட்டேன்.

மூன்றாம் நாள் அழகி தேவகோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பியபோது ஊருணியில் பதினொரு குழி. வேறெங்கும் மண்வெட்டி விழவில்லை.

என் வாசலோடு நின்றுகொண்டார்.

"களவாணிப்பய தேடித் தோண்டியிருந்தா ஊருணியே கந்தலாயிருக்கும். இது ஒண்ணுகூடத் தப்பல. ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கீக சார்."

"கணக்கெடுக்கன்னு சொன்னான் அழகி…"

"உங்க வெரலை மடக்கச் சொன்னேன். பேனாவை மறந்துட்டேன்."

ஐப்பசியில் ஊருணி நிரம்பியது. தினமும் ஆறிலிருந்து ஏழு மணிவரை படியில் உட்கார்ந்தேன். ஒரு மூக்கும் தெரியவில்லை.

கார்த்திகை இரண்டாம் தேதி, அழகி வடகரையோரம் தண்ணீரையே பார்த்து நின்றார். முகத்தில் சிரிப்பு. அவர் எனக்குக் காட்டாத பன்னிரண்டாவது ஒன்று இருந்திருக்க வேண்டும்.

"என்ன அழகி?"

சட்டென்று வானத்தைப் பார்த்தார். "கொக்கு சார்."

வானத்தில் கொக்கு இல்லை. நோட்டில் அன்றைய நீர்மட்டத்தை மட்டும் எழுதினேன்.