சமையலறைத் தொட்டியருகே ஒரு ஞானஸ்நானம்

பாரமின் மலையில் யாரைக் கேட்டாலும் என் அம்மா யூலாலியை நல்லவள் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். அதனால்தான் இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஏணி வைத்த மாதிரி நிற்கும் சரிவில் வெங்காயத்தாளும் தைம் என்ற வாசனைத் தழையும் பயிரிடுகிறாள். வெள்ளிக்கிழமை பறித்துக் கட்டி, சனிக்கிழமை ஜீப்பில் ஏற்றி, எங்கள் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயின் சந்தைக்குக் கொண்டுபோவாள். அப்பாவை அடக்கம் செய்த வாரம்கூட அவள் ஞாயிறு பூசையைத் தவறவிடவில்லை. பாடகர் வரிசையில் அவளுக்கு முதல் இடம். அடுத்த இடம் என் அக்கா மர்செலினுக்கு. எட்டு வயதிலிருந்து அக்கா அங்கேதான் நின்று பாடினாள்.

அக்கா நர்ஸாகிக் கீழே நகரத்துக்குப் போனாள். அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டும் சுருஜ் அத்தானைச் சந்தித்தாள். அவர் சகுவானஸ் ஊர்க்காரர், இந்து. இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். முடிந்த பிறகுதான் வீட்டில் சொன்னார்கள்.

அம்மா கத்தவில்லை. "இத்தன வருஷம் எம் பக்கத்துல நின்னு பாடினியே, அதெல்லாம் பொய்யாடி?" என்று மட்டும் கேட்டாள்.

"பாட்டும் பொய் இல்லம்மா. இதுவும் பொய் இல்ல."

அடுத்த ஞாயிறு முதல் அக்காவின் நாற்காலியில் அம்மா தன் பாட்டுப் புத்தகத்தை வைத்தாள். வேறு யாரையும் அங்கே உட்கார விடவில்லை. தான் ஏமாற்றப்பட்டதாக அவள் நினைத்தாள். அது எனக்கு அன்றே புரிந்தது.

நளினி பிறந்தபோது அக்காவும் அத்தானும் ஒரு முடிவெடுத்தார்கள். எந்தப் பக்கத்துச் சடங்கும் வேண்டாம்; குழந்தை வளர்ந்து, அவளே தேர்ந்தெடுக்கட்டும். அத்தானின் அம்மா அழுதாராம். ஆனாலும் ஆறாம் நாள் சடங்குக்குச் சொல்லியிருந்த பண்டிதரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் அம்மா மருத்துவமனையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, நானும் ஒண்ணும் பண்ணல. போதுமா?" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே நேரத்தில் வேலை. குழந்தையை எங்களிடம் விட்டுப் போனார்கள். நான் பள்ளி முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தேன். பத்து மணிக்கு அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஒடில், புள்ளைக்கு உடம்பு சுடுது. ஒரு தம்ளர் தண்ணி புடி."

தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு. "பல்லு முளைக்குதும்மா. அக்காவே சொன்னாளே."

"நீ என்ன டாக்டரா? நேத்துதான பள்ளிக்கூடத்த விட்டு வந்த? புள்ளையத் தொட்டிகிட்ட புடி."

சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். அம்மா ஒரு பல்லைச் சாவாக்கிக்கொண்டாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று முறை நளினியின் நெற்றியில் தண்ணீர் ஊற்றினாள். குழந்தை தும்மியது. நான்தான் பிடித்திருந்தேன்.

யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லவில்லை. வெறும் தண்ணீர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பராங் என்ற பண்டிகைப் பாட்டை வீடு வீடாகப் பாடுகிறவர்கள் கித்தாரோடு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அக்காவும் அத்தானும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அத்தானுக்காக அம்மா இறைச்சி இல்லாமல் தனியாகச் சோளமாவில் பாஸ்டெல் செய்து, வாழையிலையில் கட்டி அவித்திருந்தாள்.

"இன்னொன்னு எடுத்துக்குங்க மாப்ள," என்றாள்.

"ஆறு ஆச்சு அத்தை."

"ஆறு சாப்பிட்டவர ஜீப் ஏத்தாது, உருட்டித்தான் விடணும்!" என்றார் கித்தார்க்காரர். அம்மா சிரித்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

பாடகர்களோடு வந்த பங்குச் சாமியார் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "மர்செலின், மீதிச் சடங்க எப்ப வச்சுக்கலாம்? எண்ணெய் பூசணும், வெள்ளத்துணி போத்தணும். புள்ள சாகக் கெடந்தப்ப நீங்க சொல்லித்தான் அம்மா தண்ணி ஊத்துனாங்களாமே?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாஸ்டெல் தட்டைப் பார்த்தாள். சாமியாருக்கு விஷயம் புரிந்து முகம் சிவந்தது. பாடகர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

"எம் புள்ள எப்பம்மா சாகக் கெடந்தா?"

"காய்ச்சல்."

"பல்லு!"

அத்தான் மெதுவாகக் கேட்டார்: "எங்கம்மா பண்டிதரையே வர வேணாம்னு சொன்னாங்க அத்தை. உங்களுக்குச் சமமா இருக்கணும்னுதான். இத இப்ப அழிக்க முடியுமா?"

"முடியாது," என்றாள் அம்மா. தலையை நிமிர்த்திச் சொன்னாள். "அது ஒரு தடவ விழுந்தா விழுந்ததுதான். நான் செத்தாலும் இனி அவ பத்திரம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ எங்கடி இருந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான் புடிச்சிருந்தேன்," என்றேன்.

அம்மாவிடம் இதை அவள் ஒருவேளை எதிர்பார்த்திருப்பாள். என்னிடம் எதிர்பார்க்கவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஈஸ்டருக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள். இனி வரவே மாட்டார்கள் என்று நானும் அம்மாவும் பயந்திருந்தோம். அம்மா புதுப் பாய் விரித்திருந்தாள். அக்கா அதில் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், வெங்காயத்தாள் கட்டையும் வாங்கிக்கொண்டாள். மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அம்மா இரண்டு முறை கை நீட்டினாள். அக்கா பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

நளினி வெயிலில் நாக்கு வறண்டு சிணுங்கினாள். நான் யோசிக்காமல் எழுந்து போய்த் தம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தேன்.

அக்கா தம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வெச்சிரு," என்றாள். பையிலிருந்து தான் கொண்டுவந்த புட்டியை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள்.