தங்கையாக இருந்த ஏழு மாதங்கள்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, விசைத்தறிக் கொட்டகைகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் இல்லம். ஒரு பெரிய வீட்டைத்தான் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். படிகளை இடித்துச் சரிவாக்கி, குளியலறையில் கைப்பிடிகள் வைத்து, ஒவ்வோர் அறைக் கதவிலும் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். எழுத்து மறந்தாலும் மயில் படத்தையோ மாட்டுவண்டிப் படத்தையோ பார்த்துத் தங்கள் அறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பதினோரு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் மறதி நோய். சிலருக்குக் காலையில் சாப்பிட்டது மறந்தது, சிலருக்குப் பெற்ற பிள்ளைகளே மறந்துபோயிருந்தார்கள்.

அங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்டுபிடிக்க வேண்டும். கண் மங்கத் தொடங்கியதும் அந்த வேலை சரிப்படவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் கணவரோடு வந்தவள் நான். திரும்பிப் போக ஊரில் ஒன்றுமில்லை. தெரிந்த ஒருவர் சொல்லி இங்கே வந்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, நகம் வெட்டுவது, படுத்தே கிடப்பவர்களின் முதுகில் புண் வருகிறதா என்று பார்ப்பது. தோல் லேசாகச் சிவக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். "உனக்குத்தான் கண்ணு தெரியலையா?" என்று நர்ஸம்மா சிரிப்பார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இல்லத்தைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

அந்த அம்மா வந்து சேர்ந்தபோது நான் அங்கே இரண்டு வருஷம் முடித்திருந்தேன். எழுபத்தெட்டு வயது. சேவூரில் பிறந்து, அவிநாசிப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்துவிட்டார். பிற்பாடு அந்தக் குடும்பம் கம்பெனி வைத்து, இப்போது மகளும் மருமகனும் நடத்துகிறார்கள். மகள்தான் கொண்டுவந்து விட்டார். போகும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

முதல் ஆறு நாளும் அந்த அம்மா குளிக்க மறுத்துவிட்டார். கிட்டே போனவர்களைப் பிறாண்டினார். குளியலறை வாசலைப் பார்த்தாலே நடுங்கினார். இது இந்த நோயில் சகஜம். தெரியாத ஒருத்தி தன் சேலையை அவிழ்க்க வருகிறாள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். யாராக இருந்தாலும் பயப்படத்தானே செய்வார்கள்?

ஏழாம் நாள் என்னைப் போகச் சொன்னார் நர்ஸம்மா. நான் ஒரு சொம்புத் தண்ணீரோடு போய்க் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, கால்ல மட்டும் கொஞ்சம் ஊத்தட்டுமா? பிடிக்கலன்னா விட்டுருதேன்."

அவர் முகம் சட்டென்று திரும்பியது. "என்ன சொன்னே? மறுக்காப் பேசு."

"விட்டுருதேன்னு சொன்னேம்மா. வேற ஒண்ணுஞ் சொல்லல."

அவர் குனிந்து என் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "அவிக ஊருப் பேச்சே உனக்கு வந்துருச்சே கண்ணு" என்றார். "எத்தன வருசமாச்சு! எங்க போயிருந்தே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு வந்தார். தோளில் துண்டைப் போர்த்திவிட்டு, முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு கை என்று சொல்லிச் சொல்லி ஊற்றினேன். குழந்தைபோல் உட்கார்ந்திருந்தார்.

என்னை அவர் தன் தங்கை என்று நினைத்துவிட்டார். அது தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. நர்ஸம்மாவிடம் சொன்னேன். "எதுத்துப் பேசாத. அதுக்காக நீயா கதையும் கட்டாத. அவங்க சொல்றதக் கேட்டுக்க, போதும்" என்றார். அப்படித்தான் கொஞ்ச நாள் சமாளித்தேன். ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போய் சுற்றியிருந்த தறிகள் எல்லாம் நின்றுபோயின. அந்தச் சத்தம் நின்றால் எங்கள் ஆட்களுக்கு நிலைகொள்ளாது. எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த அம்மாவும் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீதான? என்ற தங்கச்சிதான நீ?" கண்ணில் அப்படி ஒரு பயம்.

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எப்போது அறைக்குள் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "தண்ணி குடிச்சயா கண்ணு?" குடித்துவிட்டேன் என்றால் நம்பமாட்டார். மேசைமேல் இருக்கும் தன் டம்ளரை எடுத்து நீட்டுவார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளில் பத்துத் தடவைகூடக் குடித்திருக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

ஏன் அந்தத் தண்ணீர் என்பது துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. தலை வாரும்போது ஒரு வாக்கியம், சோறு ஊட்டும்போது ஒரு வாக்கியம். நான் அடுக்கிப் பார்த்துக்கொண்டேன். அவருடைய தங்கை, சேவூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தூத்துக்குடிப் பக்கத்து வாத்தியார் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். வாத்தியார் கிறிஸ்தவர். பிறந்த வீடு தலைமுழுகிவிட்டது. ஒரு வருஷம் கழித்துச் சித்திரை வெயிலில் அந்தத் தங்கை அக்காவைத் தேடி அவிநாசிப் பக்கம் வந்திருக்கிறார்.

"கேட்டுல நின்னே. வயித்துல புள்ள. 'அக்கா, தண்ணி குடு'ன்னே. உள்ள மாமியா உக்காந்திருந்தாங்க. நான் சன்னலுக்குப் பின்னால நின்னுட்டேன் கண்ணு. கதவத் தொறக்கல. சொம்பு கையிலதான் இருந்துச்சு." என் கையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "என்ற மேல கோவமா?"

"இல்லக்கா. கோவமெல்லாம் இல்ல" என்றேன். அவர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. யாருக்கோ வரவேண்டிய ஒன்றை வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. அதைவிட, யாரோ சொல்லவேண்டிய பதிலை நான் சொல்லிவிட்டேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிசிபருப்புச் சோறு செய்து எடுத்துக்கொண்டு வருவார். ஒரு ஞாயிறு நான் அறையில் இருக்கும்போதே வந்துவிட்டார். அம்மா அவரைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்: "வா கண்ணு. உன்ற சின்னம்மா வந்திருக்கா பாரு. கும்பிட்டுக்க."

மகள் என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டார். முகம் சிவந்திருந்தது. "ஏனுங்க, எங்கம்மாவுக்குத்தான் நெனப்பில்ல. நீங்களும் ஆமான்னு தலையாட்டறீங்க? எனக்குச் சின்னம்மாவே கெடையாதுங்க. ஒருத்தர் இருந்தாங்களாம், சின்ன வயசுலயே செத்துட்டாங்களாம்."

தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் கேட்டதை எல்லாம் சொன்னேன். வாத்தியார், சித்திரை வெயில், வாசல் கேட், சொம்பு. அவர் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் காரில் ஏறிப் போய்விட்டார். என்னை வேலையைவிட்டு அனுப்பச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். சேவூரில் இருக்கும் மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம் போய் நேராகக் கேட்டிருக்கிறார். "சாகலீங்களாமா. கணியூர்ல இருக்காங்களாமா" என்றார். "வாத்தியார் செத்துட்டாராம். பையனோட இருக்காங்க. இந்தா, ரெண்டு மணி நேரத்துல போற தூரம். நான் பொறந்ததுல இருந்து, உசுரோட இருக்காங்கன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க."

அந்தத் தங்கை ஒரு வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்தார். எழுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நூல் சேலை, கையில் ஒரு துணிப்பை. மகள் கேட்டிலேயே காத்திருந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். நான் கட்டிலோரம் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எழுந்து விலகப் பார்த்தேன். அக்கா என் முந்தானையை விடவில்லை.

"அக்கா" என்றார் வந்தவர்.

அக்கா மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாங்க, உக்காருங்க. எந்தூருங்க நீங்க?"

பிறகு அந்தத் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கணியூருங்க."

"அப்படீங்களா. பேச்சப் பாத்தாலே தெரியுது, நம்ம பக்கத்து ஆளுங்கன்னு." அக்கா என் கன்னத்தைத் தொட்டார். "இது என்ற தங்கச்சிங்க. அந்தப் பக்கம் போயி இவ பேச்சே மாறிப் போச்சு."

இத்தனை வருஷம் தூத்துக்குடிக்காரரோடு வாழ்ந்தும் அந்தத் தங்கையின் கொங்குப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. அவர் அவராகவே இருந்ததால்தான் அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. அரை மணி நேரம் இருவரும் மழையைப் பற்றியும் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டு விலையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு தங்கை எழுந்து பின்பக்கம் போனார். துணி காயப்போடும் இடத்தில் நின்று அழுதார். மகள் என்னைப் பார்த்தார். நான் போனேன்.

"என்னய மன்னிச்சிருங்கம்மா" என்றேன். "உங்க எடத்துல நான் உக்காந்துட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டுங்க. என்ன சொன்னா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் குழப்பம் வந்தது. "தண்ணியா? தண்ணி கேட்டனா நானு? எனக்கு நெனப்பே இல்லீங்களே. நான் போனது புள்ள உண்டாயிருக்குன்னு சொல்லறதுக்கு. சன்னல்ல துணி அசைஞ்சுது. அது ஒண்ணுதான் கண்ணுலயே இருக்குது. அங்கதான் நிக்கறான்னு தெரிஞ்சுது." மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்: "கோவமான்னு கேட்டாளா?"

"கேட்டாங்க. இல்லன்னு நானே சொல்லிட்டேம்மா. அதச் சொல்ல நான் யாரு?"

அவர் கொடியில் கிடந்த ஒரு போர்வையை இழுத்து நேராக்கினார்.

"எனக்குக் கோவம் இருந்துச்சுங்க" என்றார். "பொய் சொல்லக்கூடாது. அந்தக் கொழந்தை தங்கல. அடுத்ததுதான் இப்ப இருக்கற பையன். வருசக்கணக்கா அவளத் திட்டி வஞ்சுட்டே இருந்தனுங்க. எங்கிட்ட நேர்ல கேட்டிருந்தா அத்தன சுலுவா இல்லேன்னு சொல்லியிருக்க மாட்டேன். நல்லவேளை, உங்ககிட்டக் கேட்டா."

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் வந்தார். அக்கா ஒவ்வொரு முறையும் எந்த ஊர் என்று கேட்டார். அவரும் ஒவ்வொரு முறையும் கணியூர் என்றார். இரண்டு மாதத்தில் ஊர் கேட்பது நின்று, "வாங்க கணியூர்க்காரம்மா" என்று வரவேற்பு வந்தது. இருவரும் முருங்கைக்கீரை உருவுவார்கள். அக்கா தன் தங்கையைப் பற்றி அவரிடமே பெருமையாகச் சொல்வார்: "நல்லாப் படிப்பாளுங்க. எங்கப்பன் மட்டும் விட்டிருந்தா டீச்சரே ஆயிருப்பா." கணியூர்க்காரம்மா தலையைக் குனிந்தபடி கீரை உருவிக்கொண்டே "அப்படீங்களா" என்பார். ஒருநாள் அவரைக் குளியலறைக்கும் கூட்டிப் போனேன். நான் தண்ணீர் ஊற்ற, அவர் முதுகு தேய்த்தார். அக்கா மறுப்புச் சொல்லவில்லை. அவரைப் பிடித்துப்போயிருந்தது, அவ்வளவுதான். யார் என்று தெரியாமலே பிடித்துப்போயிருந்தது.

ஏழாம் மாதம் பேச்சு குறைந்தது. என்னையும் கண்ணு என்று கூப்பிடுவது நின்றது. விழுங்கச் சிரமப்பட்டார். மகள் பாதி நாளை இல்லத்திலேயே கழித்தார். கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் போன் போட்டதும் கணியூரிலிருந்து தங்கையும் அவர் பையனும் காரில் வந்து சேர்ந்துவிட்டார்கள். மகள் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்க, சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சு நின்றது. நான் கால்மாட்டில் நின்றேன். "நீங்களும் கிட்ட வாங்க" என்று மகள் என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலை, கேட் சத்தம் கேட்டுப் போனேன். கணியூர்க்காரம்மா நின்றுகொண்டிருந்தார். எதையாவது விட்டுவிட்டுப் போனாரோ என்று நினைத்தேன்.

"இல்லீங்க. விடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிட்டேன். வேற எங்க போறதுன்னு தெரியல" என்றார். கூச்சமாகச் சிரித்தார். "ஏதாச்சும் வேல இருக்குமுங்களா?"

அன்று ஹாலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இன்னும் தலை வாரியிருக்கவில்லை. நான் சீப்பை எடுத்துக் கொடுத்தேன்.